ஆறு தாள் காலண்டருக்கு ஓர் இலையுதிர் காலம்

யாங்கூனில் இலையுதிர் காலம் கிடையாது. மழை ஓய்ந்ததும் ஒரு மாதம் இதமாக இருக்கும், அப்புறம் வெயில்தான். இது தெரியவருவதற்கு முன்பே நான் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டேன்.

வேலையைக் கொடுத்தவர் ஊ சுப்பையா. 'ஊ' என்பது பர்மாவில் வயதில் மூத்த ஆண்களின் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல். எங்கள் விருதுநகர்க் கடைகளுக்கு அங்கிருந்து உளுந்து அனுப்புகிறவர். வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குச் சாமி படக் காலண்டர் கொடுப்பார். இந்த முறை இயற்கைக் காட்சி, அதிலும் இலையுதிர் காலக் காட்சி வேண்டும் என்று அவருக்கு ஆசை. பருப்பு வியாபாரம் செய்யும் என் கணவரின் அண்ணன், "நம்ம மல்லிகா எடுப்பா" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

நான் பத்தொன்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவள். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டதில்லை. ஆனால் நிலக்காட்சி என்று எடுத்தவை எல்லாம் என் கணினியைத் தாண்டிப் போனதில்லை. இரண்டு முறை போட்டிக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் கலந்துகொண்டதற்கு நன்றி என்று பதில் வந்தது. அந்த இரண்டு நன்றிகளும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பபேடான் பேட்டையில் இருந்த அவர் அலுவலகத்துக்குப் போனேன். செங்குத்தான குறுகிய படிகள் ஏறி இரண்டாவது மாடி. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் திருநீறு. பெரியவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. சொகமா வந்து சேந்தீகளா? மொதல்ல லஃபெயே குடிங்க."

லஃபெயே என்றால் தேநீர். பாலும் சீனியும் சேர்ந்து பாயசத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தேன். கொரியக் காலண்டர் ஒன்று தொங்கியது. மலை முழுக்கச் செக்கச்செவேல் என்று மேப்பிள் மரங்கள்.

"இந்த மாதிரிதான் வேணும்," என்றார்.

"இந்த மரம் இங்க இருக்காய்யா?"

"இல்ல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊர்; யாங்கூன் அவர் வாயில் இன்னும் ரங்கூன்தான். "ரங்கூன்னா கோபுரப் படம் போடுறாங்க, இல்லாட்டி பழைய கட்டடம். இந்த மண்ணு மழைக்குப் பின்னால எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒங்க ஊர்க்காரங்க தினம் இந்த மண்ணைத்தான் இட்லியாத் தின்றாங்க," என்றார். ஆனால் வியாபாரி. மாற்று ஏற்பாடு செய்யாமல் இருப்பாரா? அச்சகத்தில் கொரிய இலைப் படங்கள் ஆறும் தயாராக வைக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை அச்சுக்கான பிளேட் போட வேண்டும். அதற்குள் என் படங்கள் தேறாவிட்டால் கொரியாதான் அச்சாகும்.

எழும்போது ஒரு எச்சரிக்கையும் தந்தார். "பாலம், ஆபீசு, சீருடை போட்ட ஆளு, இந்தப் பக்கமெல்லாம் கேமராவத் திருப்பாதீக. மரம், தண்ணி, வயக்காடு மட்டும்."

இரவுச் சாப்பாடு கீழே தெருவிலேயே. பலாத்தா என்று பலகை சொன்னது. வந்தது நம் பரோட்டா. எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவள் என்ற கர்வத்தோடு பிய்த்தேன். மெலிந்து, மடிப்பு மடிப்பாக, சீனி தூவி இருந்தது. நம்முடையது மல்யுத்த வீரன் என்றால் இது நாட்டியக்காரி. இரண்டு தின்றேன்.

திங்கட்கிழமை காலை உணவை நிதானமாக முடித்து, பத்து மணிக்குக் கிளம்பினேன். அதுவே முதல் தவறு. ஏரிக்கரைகளைச் சுற்றிச் சுற்றி முந்நூறு படம் எடுத்தேன். வெயில் உச்சியில் நின்றது. வானம் வெளுத்த வேட்டி மாதிரி, தண்ணீர் தகரம் மாதிரி. இலைகளின் பச்சையில் ஒரு மினுமினுப்பும் இல்லை. போகட்டும், கணினியில் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அது இரண்டாவது தவறு.

விடுதியில் உட்கார்ந்து மஞ்சளை ஏற்றினேன், சிவப்பை ஏற்றினேன். பச்சையை ஆரஞ்சுப் பக்கம் தள்ளினேன். திரையில் கொரியாவே வந்து நின்றது. துள்ளிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகம் பபேடானின் ஒரு சந்துக்குள் இருந்தது. மேற்பார்வையாளர் தனலட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. பெண்களுக்கு வைக்கும் 'மா' சேர்த்து எல்லாரும் மா தனம் என்று கூப்பிட்டார்கள். கன்னத்தில் சந்தனம் போல அரைத்த தனாகா மரப்பட்டைப் பூச்சு, விரல் நகங்களில் நீல மை. "எனக்குத் தமிழ் கேட்டாப் புரியும் அக்கா. பேசறது கொஞ்சம் கொஞ்சம்," என்றாள். அந்தக் கொஞ்சத்திலேயே என்னைக் கிழித்துப் போட்டாள்.

முதலில் மாதிரித் தாள் ஒன்று அடித்து என் கையில் கொடுத்தாள். திரையில் தீயாக எரிந்த மரம் காகிதத்தில் கொட்டிவிட்ட தக்காளி ரசமாக இருந்தது. வானம் அடிபட்ட முழங்கால் மாதிரி கன்றிப் போயிருந்தது.

"கம்ப்யூட்டர் தானே வெளிச்சம் குடுக்குது அக்கா. பேப்பருக்கு வெளிச்சம் இல்ல. நீங்க ஊத்துன கலர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சேறாயிடும்."

பிறகு மற்ற படங்களைப் புரட்டினாள். மரம் நடுவில். படகு நடுவில். ஏரி நடுவில்.

"எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி நடுவுல நிக்குது," என்றாள். உடனே பர்மியர்களுக்கே உரிய அந்தச் சங்கடம் வந்துவிட்டது. "ஆனாடே அக்கா," என்று தலையைக் குனிந்தாள். எதிராளியின் மனம் நோகுமே என்று தன் மனம் கூசுவதற்கு அவர்களின் சொல் அது. கூசினாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. நல்லதாயிற்று, என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊரை விட்டே போனேன். ஆற்றைக் கடந்தால் டாலா. படகு முழுக்கக் கூடைகள், கோழிகள், காடை முட்டை விற்கும் பெண்கள். பக்கத்தில் இருந்த இருவர் என்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரிக்க, எதிரில் இருந்த தமிழ்க் கிழவர் ஒருவர் கேட்காமலே மொழிபெயர்த்தார்: "இந்தம்மா மூணு கால் குச்சி வச்சிருக்கே, மீன் பிடிக்கவான்னு கேக்குறாங்க."

அக்கரையில் சைக்கா வண்டி பிடித்தேன். சைக்கிளின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை வைத்த ரிக்‌ஷா. ஓட்டியவர் கோ துன், நாற்பது வயது இருக்கும். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல், எனக்குப் பர்மியம் மூன்று. குடியிருப்புகளைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே மண் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்தது.

மணி மூன்றரை. நாலு மணிப் படகைப் பிடித்துத் திரும்புவதாக இருந்தேன். கோ துன் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தார். நான் வண்டிக்குக் காவல்.

ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டில் எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைத்ததே இல்லை. அங்கே நேரம் என்னை இழுத்துக்கொண்டு ஓடும். இங்கே வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதை வேறு வேலை இல்லாமல் பார்த்தேன். நாலே கால் வரை வயல் வெறும் மஞ்சள் பாய். நாலே முக்காலுக்கு சூரியன் எனக்கு நேர் எதிரே இறங்கியது. ஒளி கதிர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு நெல்லும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. வரப்புகளின் நிழல் நீண்டு, தட்டையாகக் கிடந்த வயலுக்கு மேடும் பள்ளமும் வந்தன.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்றுதான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். மணமக்கள் முகத்துக்கு அது சரி. இந்த வயலுக்கு அது பொருந்தவில்லை.

அவசரமாக முக்காலியை விரித்தேன். பழக்க தோஷம், தூரத்துப் பனைமரத்தை நடுவில் வைத்தேன். மனதுக்குள் தனத்தின் குரல் கேட்டது. கேமராவைத் திருப்பி மரத்தை ஓரத்துக்குத் தள்ளினேன். வெளுத்த வானம் பாதிப் படத்தைத் தின்றது. வானத்தை ஒரு விரல் அளவு மட்டும் மேலே விட்டுவிட்டு மீதி முழுவதையும் வயலுக்குக் கொடுத்தேன். அப்போதும் ஏதோ குறைந்தது. உட்கார்ந்து பார்த்தேன். பிறகு வரப்பில் குப்புறப் படுத்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு கதிர் பெரிதாக வந்தது, அதற்குப் பின்னால் வயல் ஓடிப் போய் அடிவானத்தில் நின்றது. இப்போது அந்தப் படத்துக்குள் இறங்கி நடக்கலாம் போலிருந்தது.

தலைக்கு மேல் சிரிப்புச் சத்தம். வயலுக்குச் சொந்தக்காரர் டோ கின் ஏ, அறுபதை ஒட்டிய அம்மாள், அரிவாளோடு நின்றார். சங்கிலியோடு திரும்பி வந்திருந்த கோ துன் தன் பத்துச் சொல்லால் எனக்குச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டது இதுதான்: "நெல்லுல என்ன இருக்கு? போய் பகோடாக் கோபுரத்தைப் படம் எடுக்கச் சொல்லு." விருதுநகரில் கருவேல மரத்தை எடுத்தபோது ஒரு கீரைக்காரம்மா இதையேதான் சொன்னார், பகோடாவுக்குப் பதில் பெரிய கோயில்.

கேமராத் திரையைக் காட்டினேன். டோ கின் ஏ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுநாள் விடியற்காலையில் வரலாமா என்று சைகையில் கேட்டதற்கு, வரப்பில் எந்த இடம் வழுக்கும் என்று அரிவாளால் சுட்டிக் காட்டினார்.

புதன்கிழமை முதல் படகிலேயே நான் இருந்தேன். கோ துன் புதுச் சங்கிலியோடு காத்திருந்தார். ஆறு மணிக்குச் சற்று முன் வயலில் இறங்கியபோது முழங்கால் உயரத்துக்கு வெண்பனி படுத்திருந்தது. அன்று காலை ஒரு மணி நேரத்தில் நான் எடுத்தவை இருபத்தாறு படங்கள்தான். கல்யாணத்தில் மெட்டி போடும் சடங்குக்கே அதைவிட அதிகம் எடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதை விடுவது என்று யோசித்தேன். மின்கம்பத்தை விட்டேன். அழகான ஒரு குடிசையைக்கூட விட்டேன், அது பனையோடு சண்டை போட்டது. வாய்க்காலில் விழுந்த இளஞ்சிவப்பு வானத்தை வைத்துக்கொண்டேன். அறுவடை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் வந்தபோது, கடைசி ஆள் படத்துக்குள் வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் போரின் மேல் கொக்கு ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. திரும்பும் படகில், ஆற்றின் நடுவில், ஈயம் உருக்கி ஊற்றிய தண்ணீரில் ஒற்றைச் சம்பான் படகு. நேற்றைய கதிரோடு சேர்த்து நல்ல படங்கள் ஐந்து.

துறையில் இறங்கியதும் மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் அரிசிச் சேவை, மேலே வாழைத்தண்டு, பொரித்த பருப்பு வடை நொறுங்கல். சென்னையில் சாப்பிட்டிருக்கிறேன், அது நம் காரத்துக்குப் பழகிப் போனது. இது சாதுவாக இருந்தது. விற்ற பெண் என் சேறு படிந்த சேலையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வியாழக்கிழமை விடுதியில் மின்சாரம் இல்லை, மடிக்கணினி செத்துக் கிடந்தது. தனம் அச்சகத்து ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் தன் மேசையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பழக்கத்தில் கை மஞ்சளை ஏற்றப் போனது. பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தாள். கையை எடுத்துவிட்டேன்.

இந்த முறை ஏற்றியதைவிட இறக்கியதே அதிகம். பச்சையைக் கொஞ்சம் அடக்கினேன். அடக்கியதும் மஞ்சள் தானாக மேலே வந்தது. பனி நீலம் பாய்ந்திருந்த இடத்தில் துளி வெதுவெதுப்புச் சேர்த்தேன். நிழலை வெளுக்கவிடவில்லை. வெண்மை எரிந்துபோன ஓரங்களைத் தணித்தேன். ஒவ்வொன்றையும் தனம் மாதிரித் தாளில் அடித்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கதிர் படத்துக்கு மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது தாளை ஜன்னலோரம் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாதே அக்கா," என்றாள். சரி என்று அர்த்தம். அதற்குள் இயந்திரத்தில் இருந்த இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மாலையில் ஊ சுப்பையா வந்தார். ஐந்து தாளையும் நீள மேசையில் பரப்பினோம். அருகிலேயே ஆறு கொரியத் தாள்களும் இருந்தன. அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஆட்கள் நடக்கும் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இது டாலாதானே?"

"ஆமாய்யா."

"அம்பது வருசமா அந்தப் பக்கம் போய் வர்றேன்," என்றார். தாளைக் கிட்டே கொண்டுபோய், "ஒரு நாளும் பாக்கலையே," என்றார்.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவர் வியாபாரி என்று முன்பே சொன்னேனே. "அஞ்சும் பிரமாதம். ஆறாவது? அதுல செவப்பு வேணும்மா. ஒரு செவப்பு இலையாச்சும் இல்லாட்டி அதை எலையுதிர் காலம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பாக்குறேன். இல்லாட்டி அந்த ஒரு தாளுக்குக் கொரியா."

ஐந்து டாலாவுக்கு நடுவில் ஒரு கொரியா. எனக்கு அது ஆறும் தோற்றதற்குச் சமம்.

அவர் போனதும் தனத்திடம் கேட்டேன். "இந்த ஊர்ல சிவக்கிற இலையே இல்லையா?"

யோசித்தாள். "பண்டா மரம் இருக்கு. எங்க வீட்டுக்குப் பின்னாடி. எப்பவும் நாலு இலை சிவந்து விழும். எங்கம்மா கூட்டும்போது தினம் திட்டும்."

பண்டா என்பது நம் நாட்டு வாதுமை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் யாங்கூனின் லத்தா பேட்டையில் அவள் வீட்டு மாடியில் நின்றேன். கீழே மொத்த வியாபாரக் கடைகளின் பின்புறம், தகரம், தண்ணீர்த் தொட்டிகள், குறுக்கும் நெடுக்குமாக வயர்கள். அதற்கு நடுவில் குடை விரித்தாற்போல் வாதுமை மரம். எண்ணிப் பார்த்தேன். சிவந்த இலைகள் பதினொன்று. மரத்துக்கு அப்பால், இரண்டு கட்டடங்களுக்கு இடையில், ஆறு ஒரு முழம் தெரிந்தது.

"சூரியன் அந்த இடுக்கு வழியா வரும்," என்றாள் தனம். "பத்து நிமிசம். அப்புறம் அந்தக் கட்டடம் மறைச்சிடும்."

காத்திருந்தோம். கொடியில் காய்ந்த லுங்கிகளை அவள் உருவி எடுத்தாள். நான் ஒவ்வோர் அடியாக நகர்ந்து பார்த்தேன். நேராக நின்றால் மூன்று வயர்கள் ஆற்றை வெட்டின. இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்து குனிந்ததும் மூன்றும் இலைக்கொத்துக்குப் பின்னால் ஒளிந்தன. தகரமும் தொட்டியும் சட்டத்துக்கு வெளியே போயின. மரமும் ஆறும் மட்டும் மிஞ்சின.

ஏழு மணியை நெருங்கும்போது ஒளி வந்தது. பதினொரு இலைகளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. நரம்பு நரம்பாகத் தெரிந்த சிவப்பு. இரவுப் பனியில் நனைந்து மினுங்கிய பச்சை இலைகளின் பளபளப்பை, லென்ஸ் முன் மாட்டிய வடிகட்டிக் கண்ணாடியைத் திருகிக் குறைத்தேன். எட்டுப் படங்கள் எடுத்தேன். ஒன்பதாவதற்குள் கட்டடம் சூரியனை விழுங்கிவிட்டது.

அச்சகத்தில் அந்தப் படத்தின் சிவப்பை நான் தொடவே இல்லை. சுற்றியிருந்த பச்சையை மட்டும் ஒரு படி இருளவிட்டேன். முதல் தாளிலேயே தனம் தலையாட்டினாள்.

ஒன்பதரைக்கு ஊ சுப்பையா வந்தார். ஆறாவது தாளைக் கையில் எடுத்தார்.

"எந்த நாட்டு மரம்மா இது?"

"லத்தா நாட்டு மரம்யா," என்றேன். "நம்ம மா தனம் வீட்டுக் கொல்லை."

அவர் தனத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கொரியத் தாள்கள் ஆறையும் தானே அடுக்கி, கழிவுத்தாள் பெட்டியில் போட்டார். "பிளேட் போடும்மா," என்று தனத்திடம் சொன்னார்.

மதியம் இயந்திரம் ஓடியது. முதல் ஐம்பது தாளுக்கு மஞ்சள் தூக்கலாக இருந்ததென்று தனம் நிறுத்தினாள், திருத்தினாள், மறுபடி நிறுத்தினாள். அதன் பிறகு தாள்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஆயிரம் டாலா, ஆயிரத்து ஒன்றாவது டாலா. தாலி கட்டும் நேரத்தில்கூட எனக்குக் கண் கலங்கியதில்லை. அன்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, மை வாசனைதான் காரணம் என்று சொல்லி, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். தனம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. கதிர் படத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இந்த முறை தனத்தையும் கூட்டிக்கொண்டு, டாலாவுக்குப் போனேன். டோ கின் ஏ களத்து மேட்டில் இருந்தார். கையை லுங்கியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, கதிரை விட்டுவிட்டு, பின்னால் மங்கலாக ஓடும் வயலைப் பார்த்தார். ஏதோ வேகமாகச் சொன்னார். தனம் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"இந்தப் பக்கம் நல்லாப் பழுத்திருச்சு, திங்கக்கிழமையே அறுக்கணுமாம். பனைமரத்துக்குக் கீழ பாருங்க, அங்க இன்னும் பச்சை ஓடுதாம். வரப்பில நின்னா இது தெரியலையாம்."

டோ கின் ஏ தாளைச் சுருட்டவில்லை. நெல் கட்டின் மேல் விரித்து வைத்தார். தூரத்தில் நின்ற மருமகனைக் கூப்பிட்டு, அந்தப் பச்சை மூலையை விரலால் தொட்டுக் காட்டினார்.